குதிரை வாங்கலாம், கொள்ளுக்கு யார் தருவது?

கோத்தகிரியில் காமராஜர் சதுக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. வெளியே மூடுபனி. எதிர்க்கடையின் பெயர்ப் பலகைகூடத் தெரியவில்லை. நான் வர்க்கியை டீயில் நனைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பர் கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார்.

"அண்ணா, துப்பாக்கிக்கு ட்ரிகர் மாத்தச் சொல்றாங்க. ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ஆகுமாம். மாத்தலாமா, வேண்டாமா? நீங்கதான் நாலு இடத்துல விசாரிச்சு எழுதறவரு, சொல்லுங்க."

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் சட்டென்று திரும்பினார். "கரடிக்குங்களா சார்?"

அவர் மேல் தப்பில்லை. கோத்தகிரியில் தேயிலைத் தோட்டத்துக்குள் கரடி நடமாடும். ரோட்டில் காட்டெருமை நிற்கும். துப்பாக்கி என்றால் அவருக்குக் கரடிதான் ஞாபகம் வரும். எனக்கு வேறு ஞாபகம் வந்தது. நான் துப்பாக்கிகளை வெறுக்கிற ஆள். தீபாவளிக்கு என் பிள்ளைகளுக்குப் பொட்டுக் கேப் துப்பாக்கிகூட வாங்கிக் கொடுத்ததில்லை. போயும் போயும் என்னிடமா இந்தக் கேள்வி?

விஷயம் இதுதான். நண்பருக்கு இரண்டு ஏக்கர் தேயிலை. அது போதாமல் ஜீப்பும் ஓட்டுகிறார். மனைவி அங்கன்வாடியில் வேலை. பதினேழு வயதில் ஒரு பெண். அவள் பள்ளிக்கூடத்தில் என்.சி.சி.யில் சேர்ந்தாள். அங்கே ஒருநாள் ரைஃபிளைக் கையில் கொடுத்தார்கள். சுட்டாள், குறி தப்பவில்லை. அன்றைக்குப் பிடித்த பைத்தியம். இப்போது 10 மீட்டர் ஏர் பிஸ்டல். ஞாயிற்றுக்கிழமைதோறும் விடிவதற்கு முன் கிளம்பி, மேட்டுப்பாளையம் இறங்கி, பஸ் மாறி, கோவையில் ஒரு ரேஞ்சுக்குப் போகிறாள். சுட்டு முடித்து வீடு திரும்பும்போது இருட்டிவிடும். கையில் இருப்பது யாரோ பயன்படுத்திவிட்டு விற்ற பழைய பிஸ்டல். 60 குண்டுகள் சுட்டால் 600-க்கு 535 அளவில் நிற்கிறாள். ஆறு மாதமாக அங்கேயே நிற்கிறாள்.

பயிற்சியாளர் காரணம் கண்டுபிடித்துவிட்டார். "ட்ரிகர் சரியில்லம்மா. இந்தக் காலத்துல யாரு மெக்கானிக்கல் ட்ரிகர் வெச்சிருக்கா? எலெக்ட்ரானிக் எடுத்துடுங்க. இதோட ஸ்டேட் மேட்ச்சுக்குப் போனா மானம் போயிடும்." ட்ரிகரை மட்டும் கழற்றி மாட்ட முடியாது. பழைய பிஸ்டலைக் கொடுத்துவிட்டு, மின் ட்ரிகர் உள்ளதாக எடுக்க வேண்டும். வித்தியாசம் 1,10,000 ரூபாய். விற்கிற கடையையும் பயிற்சியாளரே சொல்கிறார். போன் நம்பரும் அவரே தருகிறார். புரிகிறதா?

உங்களுக்குப் புரியும். ஏனென்றால் உங்கள் வீட்டிலும் இது நடந்திருக்கிறது. பையன் கிரிக்கெட் கோச்சிங் சேர்ந்த மூன்றாவது மாதம், "இந்த பேட் போதாது சார்" என்று சொன்னார்களா இல்லையா? கீபோர்டு கிளாஸில், "இது பிகினர் மாடல் மேடம்" என்று உதட்டைப் பிதுக்கினார்களா இல்லையா? நடந்தால் சர்க்கரை குறையும் என்று டாக்டர் சொன்னதற்கு நீங்கள் வாங்கிய ட்ரெட்மில் மேல் இப்போது துணி காய்கிறதா இல்லையா? வெறுமனே செய்து பழக வேண்டிய வேலையைப் பணம் கொடுத்துத் தாண்டிவிடலாம் என்று நம்மை நம்ப வைப்பதுதான் இந்தக் காலத்தின் மிகப் பெரிய வியாபாரம். நானும் விதிவிலக்கு இல்லை. முதுகு வலிக்காமல் எழுதலாம் என்று விலை உயர்ந்த நாற்காலி ஒன்று வாங்கினேன். முதுகு வலி போய்விட்டது. எழுத்து வரவில்லை.

ஆனால் "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்று ஒரு பழமொழியை வீசிவிட்டு எழுந்து போய்விட எனக்கு மனமில்லை. சில சமயம் கூடம் நிஜமாகவே கோணலாக இருக்கும். எனவே விசாரித்தேன்.

* * *

முதலில் ட்ரிகர் என்றால் என்ன? பழைய தமிழில் துப்பாக்கியின் சுடும் கொக்கிக்குக் 'குதிரை' என்று பெயர். அகராதியில் இன்னும் இருக்கிறது. அழகான பெயர், பொருத்தமான பெயரும்கூட. கட்டுப்படுத்தத் தெரிந்தவனுக்குப் போகும், தெரியாதவனைக் கவிழ்க்கும்.

10 மீட்டர் ஏர் பிஸ்டலில் 10 புள்ளி தரும் வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். உங்கள் சட்டைப் பொத்தானைப் பாருங்கள், ஏறக்குறைய அவ்வளவுதான். பத்து மீட்டர் தள்ளி அந்தப் பொத்தானை, ஒற்றைக் கையை நீட்டிப் பிடித்து, நின்றபடி அடிக்க வேண்டும். பிஸ்டலின் முன்குறிக்கும் பின்குறிக்கும் நடுவே தோராயமாக 35 சென்டிமீட்டர் என்று வையுங்கள். அந்த இரண்டு குறிகளும் ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால், அட்டையில் குண்டு கிட்டத்தட்ட 28 மில்லிமீட்டர் தள்ளிப் போய் விழும். பத்துக்குப் பதில் ஏழு.

அந்த ஒரு மில்லிமீட்டர் விலகல் எப்போது வருகிறது? பெரும்பாலும் விரல் குதிரையை அழுத்துகிற அந்த நொடியில்தான். அழுத்த வேண்டிய விரல் இழுத்துவிடுகிறது. கூடவே மணிக்கட்டும் வருகிறது. முடிந்தது கதை.

அதனால் நல்ல ட்ரிகர் முக்கியம்தான், மறுக்கவில்லை. மெக்கானிக்கல் ட்ரிகரில் ஸ்பிரிங்கும் நெம்புகோலும் கொக்கியும் ஒன்றன்மேல் ஒன்று உரசி, கடைசியில் விடுபடும். மின் ட்ரிகரில் விரல் அழுத்துவது வெறும் ஸ்விட்ச். பாட்டரியில் ஓடும் ஒரு மின்காந்தம் கொக்கியை விடுவிக்கும். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்கும், சுத்தமாக 'டிக்' என்று விடும். ஸ்விட்சர்லாந்திலும் ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் செய்கிறார்கள். உலகத்தின் முன்னணி ஆட்டக்காரர்கள் பலர் வைத்திருக்கிறார்கள்.

இங்கே கடைக்காரர் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. ஏர் பிஸ்டலின் ட்ரிகர் குறைந்தபட்சம் 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும் என்பது சர்வதேச விதி. போட்டிக்கு முன் எடைக்கல்லைத் தொங்கவிட்டுப் பார்ப்பார்கள். மெக்கானிக்கல் ஆனாலும் சரி, மின் ட்ரிகர் ஆனாலும் சரி, 500 கிராமுக்குக் கீழே யாரும் போக முடியாது. ஆக, காசு கொடுத்து நீங்கள் வாங்குவது லேசான ட்ரிகரை அல்ல. ஒரே சீரான ட்ரிகரை. உங்கள் விரல் ஒரே சீராக இருந்தால்தான் அந்தச் சீரான ட்ரிகரால் உங்களுக்குப் பிரயோஜனம்.

அப்புறம், மின் ட்ரிகருக்கும் ஜாதகக் கோளாறு உண்டு. 2021 ஜூலை 25, டோக்கியோ ஒலிம்பிக்ஸ். பெண்கள் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்று. 75 நிமிடங்களில் 60 குண்டுகள். மனு பாக்கர் நன்றாகத்தான் ஆரம்பித்தார். நடுவில் அவருடைய பிஸ்டலின் மின் ட்ரிகர் மக்கர் செய்தது. அரங்கை விட்டு வெளியே எடுத்துப்போய்ச் சரிசெய்து திரும்பி வருவதற்குள் பதினைந்து நிமிடங்களுக்கும் மேல் போய்விட்டது. மிச்ச நேரத்தில் பறந்து பறந்து சுட்டார். 575 புள்ளிகள், 12-வது இடம். இரண்டே புள்ளியில் இறுதிச் சுற்று கைநழுவியது. அந்த ஒலிம்பிக்ஸுக்கு 15 துப்பாக்கி வீரர்களை அனுப்பிய இந்தியா ஒரு பதக்கமும் இல்லாமல் திரும்பியது.

அதே மனு பாக்கர் 2024-ல் பாரிஸில் இரண்டு வெண்கலம் வென்றார். ஒன்று தனியாக, இன்னொன்று சரப்ஜோத் சிங்குடன் சேர்ந்து. இதிலிருந்து மின் ட்ரிகர் மோசம் என்றோ ஒசத்தி என்றோ யாரும் முடிவு கட்ட முடியாது. இடையில் மூன்று வருஷம் அவர் என்ன செய்தார் என்பதுதான் கேள்வி. அதற்கு அப்புறம் வருகிறேன்.

அதே பாரிஸில் துருக்கிக்காரர் யூசுஃப் டிகெச் ஒரு கையைப் பேண்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, சாதாரண மூக்குக் கண்ணாடியோடு சுட்டு வெள்ளி வாங்கினார். உலகமே கொண்டாடியது. நமது வாட்ஸ்அப் மாமாக்கள், "பார்த்தீங்களா, கருவி முக்கியமில்லை, திறமைதான் முக்கியம்" என்று பரப்பினார்கள். மாமா, அவர் கழற்றி வைத்தது கண்ணுக்கு மாட்டும் விசேஷ லென்ஸை. கையில் பிடித்திருந்தது அசல் போட்டித் துப்பாக்கியை. கருவியே தேவையில்லை என்பதும் பொய். கருவி மட்டும் போதும் என்பதும் பொய்.

* * *

நண்பரிடம் நான் சொன்னது ஒன்றே ஒன்று. வாங்குவதற்கு முன்னால் சோதித்துப் பாருங்கள். அதே ரேஞ்சில் சுடும் ஒரு டாக்டர் வீட்டுப் பையனிடம் மின் ட்ரிகர் பிஸ்டல் இருந்தது. நல்ல பையன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை கடன் கொடுத்தான். இவள் ஒவ்வொரு ஞாயிறும் தன்னுடையதில் 60, அவனுடையதில் 60 சுட்டாள். தன் துப்பாக்கியில் 534, 537. அவன் துப்பாக்கியில் 536, 533. கூட்டிப் பாருங்கள். ஓசியில் வாங்கிய உயர்ந்த துப்பாக்கி இரண்டு புள்ளி குறைவு.

இதை வைத்து நான் வெற்றி முழக்கம் போட மாட்டேன். புதுத் துப்பாக்கி கைக்குப் பழக மாதக்கணக்காகும். கைப்பிடி அவன் கைக்குச் செதுக்கியது, இவளுக்கு அது பொருந்தாது. நாலு ஆட்டத்தில் உலக உண்மை எதுவும் நிரூபணம் ஆகிவிடாது. ஆனால் அட்டைகளை எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. இரண்டு துப்பாக்கியிலும் கெட்ட குண்டுகள் ஒரே இடத்தில் விழுந்திருந்தன. இடப்பக்கம், கீழே. வலக்கைக்காரர்கள் ட்ரிகரை வெடுக்கென்று இழுத்தால் குண்டு போகும் இடம் அதுதான் என்று துப்பாக்கி பழகிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். துப்பாக்கி மாறியது. விரல் மாறவில்லை.

வெலிங்டனில் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் இருக்கிறார். ஆயுதங்களைப் பழுது பார்த்தே வாழ்நாளைக் கழித்தவர். அவரிடம் அந்தப் பழைய பிஸ்டலைக் கொண்டுபோனோம். குண்டு இல்லை என்று மூன்று தரம் பார்த்தார். பிறகு ட்ரிகரில் ஒரு சின்னப் பையைத் தொங்கவிட்டு, அதில் கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையைக் கொட்டினார். 500 கிராமில் விடவில்லை. 550, 600, ம்ஹூம். 640 கிராமில்தான் 'டக்' என்றது.

"யாரும்மா இதை உனக்கு செட் பண்ணிக் குடுத்தது?"

யாரும் செட் பண்ணிக் கொடுக்கவில்லை. வாங்கிய நாளில் எப்படி இருந்ததோ அப்படியே சுட்டுக்கொண்டிருக்கிறாள். ட்ரிகருக்குப் பக்கத்தில் எடையையும் தூரத்தையும் கூட்டிக் குறைக்கச் சின்னத் திருகுகள் இருக்கின்றன. அதற்கென்று ஒரு சின்னச் சாவி. பெரியவர் முக்கால் மணி நேரம் குனிந்து வேலை பார்த்தார். 510 கிராமில் கொண்டுவந்து நிறுத்தினார். தேய்ந்துபோன கைப்பிடியில் மரமக்கு அப்பி, அவள் உள்ளங்கைக்குத் தோதாக உப்புத்தாளால் தேய்த்துக் கொடுத்தார். கூலி கேட்டதற்கு, "டீ குடிச்சாச்சே" என்றார்.

ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கேட்ட பயிற்சியாளர், அந்தத் திருகை ஒருநாள்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை என்பதை மட்டும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அவர் பெயர் நமக்கு வேண்டாம். அவர் ஒருத்தர் இல்லை, ஊருக்கு ஊர் இருக்கிறார். கற்றுக்கொடுக்கிறவனும் விற்கிறவனும் ஒரே ஆளாக இருந்தால், எந்தக் குறைக்கும் மருந்து கடையில்தான் இருக்கும்.

* * *

இப்போது கணக்குக்கு வருவோம். கணக்கில்தான் என் கோபம் இருக்கிறது.

நண்பரின் இரண்டு ஏக்கரில் வருஷத்துக்குச் சுமார் எட்டாயிரம் கிலோ பச்சைத் தேயிலை வரும். பறிகூலி, உரம், வண்டி வாடகை எல்லாம் போகக் கிலோவுக்கு எட்டு ரூபாய் நின்றால் பெரிய விஷயம் என்கிறார். அதுவும் விலை விழாமல் இருந்தால். நீலகிரியில் சிறு தேயிலை விவசாயிகள் கட்டுப்படியாகிற விலை கேட்டு எத்தனை வருஷமாகப் போராடுகிறார்கள் என்பது செய்தித்தாள் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். கிலோவுக்கு எட்டு ரூபாய் என்றால் ஒரு ட்ரிகர் 13,750 கிலோ தேயிலை. அதாவது ஒன்றே முக்கால் வருஷத்து விளைச்சல். ஒரு விரல் நுனி அகலமுள்ள பொருளுக்கு!

இன்னொரு பக்கம் பாருங்கள். 500 குண்டுகள் உள்ள ஒரு டப்பா அவளுக்குக் கிடைக்கிற விலை 900 ரூபாய். ஒழுங்காகப் பயிற்சி எடுக்கிற ஆள் ஒருநாளைக்கு நூறு குண்டு சுட வேண்டும். மாதத்துக்கு 25 நாள் என்றால் 2,500 குண்டு, ஐந்து டப்பா, 4,500 ரூபாய். வருஷத்துக்கு 54,000. மின் ட்ரிகருக்குக் கேட்ட பணத்தில் இரண்டு வருஷம் தினமும் சுடலாம்.

அவள் மாதத்துக்கு எத்தனை சுடுகிறாள் தெரியுமா? ஒரு டப்பா. ஐந்நூறு. ஞாயிற்றுக்கிழமை மட்டும். 535-லேயே நிற்பதற்குக் காரணம் ட்ரிகரா?

குதிரையை மாற்றச் சொல்கிறார்கள். இருக்கிற குதிரை கொள்ளு இல்லாமல் கிடக்கிறது. இதுதான் விஷயம்.

இந்த நாட்டில் சாதாரண வீட்டிலிருந்து வந்து பிஸ்டலில் ஜெயித்தவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். 2012 லண்டனில் வெள்ளி வாங்கிய விஜய் குமார் ராணுவத்துக்காரர். 2014 ஆசியப் போட்டியில் தங்கம் வாங்கிய ஜித்து ராய் ராணுவத்துக்காரர். ராணுவம் அவர்களுக்கு மந்திரத் துப்பாக்கியா கொடுத்தது? கொள்ளு கொடுத்தது. குண்டு கணக்கு பார்க்காமல் சுட இடம் கொடுத்தது, நேரம் கொடுத்தது, சம்பளமும் கொடுத்தது. இன்னொரு பக்கம், 2008-ல் பெய்ஜிங்கில் தங்கம் வாங்கிய அபினவ் பிந்த்ராவுக்கு அவருடைய அப்பா வீட்டிலேயே ரேஞ்ச் கட்டிக் கொடுத்தார். பிந்த்ராவின் உழைப்பைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனால் ராணுவத்திலும் சேராமல், வீட்டில் ரேஞ்ச் கட்டும் அப்பாவுக்கும் பிறக்காமல், இரண்டு ஏக்கர் தேயிலைக்குப் பிறந்த பெண் என்ன செய்வாள்?

மூன்று வருஷம் மனு பாக்கர் என்ன செய்தார் என்று கேட்டேன் அல்லவா? உழைத்தார். ஜஸ்பால் ராணா என்ற பழைய ஆட்டக்காரர் மறுபடியும் பயிற்சியாளராக வந்தார். கூடவே, பாரிஸுக்கான பயிற்சிக் காலத்தில் அவருக்காகச் சுமார் 1.68 கோடி ரூபாய் செலவழித்ததாக அரசுத் தரப்பு கணக்குச் சொன்னது. குண்டும் துப்பாக்கிப் பராமரிப்பும் அந்தக் கணக்கில் உண்டு. செலவழித்தது சரி, நூற்றுக்கு நூறு சரி. அப்படித்தான் செய்ய வேண்டும். பதக்கம் வந்தபின் வெண்கலத்துக்காக மத்திய அரசு 30 லட்சம் கொடுத்தது. அதுவும் சரி. நமது தமிழ்நாட்டு அரசும் 2021-ல் அறிவித்தது: ஒலிம்பிக்ஸில் தங்கத்துக்கு 3 கோடி, வெள்ளிக்கு 2 கோடி, வெண்கலத்துக்கு ஒரு கோடி. 2023-ல் விளையாட்டு வீரர்களுக்கு உதவ சாம்பியன்ஸ் அறக்கட்டளை என்று ஒன்றும் தொடங்கினார்கள். அதன் மூலம் கருவி வாங்கவும் போட்டிக்குப் போகவும் உதவி பெற்றவர்கள் இருக்கிறார்கள். நல்லதை நல்லது என்று சொல்லாவிட்டால் கெட்டதைக் கெட்டது என்று சொல்ல எனக்கு வாய் கிடையாது.

ஆனால் இதெல்லாம் யாருக்குக் கிடைக்கிறது? ஏற்கெனவே மேலே ஏறி வந்தவர்களுக்கு. மாடிக்கு வந்தவனுக்கு நாற்காலி போடுகிறோம். ஏணிக்கு முதல் படியே இல்லை. 535 சுடுகிறவள் 560 சுட்டால் கண்ணில் படுவாள். 560 சுட வேண்டுமென்றால் மாதத்துக்கு 2,500 குண்டு வேண்டும். அந்த 2,500 குண்டு அவளுக்கு இப்போது வேண்டும். கண்ணில் பட்டபிறகு அல்ல.

* * *

"இது பணக்காரர் விளையாட்டுய்யா, ஏழைங்க கபடி ஆடட்டுமே" என்று ஒரு வாசகர் எனக்குக் கடிதம் எழுதுவார். பேனாவை எடுப்பதற்கு முன்னால் பதில் சொல்லிவிடுகிறேன். நீலகிரியில் துப்பாக்கி ஒரு காலத்தில் துரைமாரின் சொத்து. மலையெல்லாம் வேட்டையாடித் தீர்த்தார்கள். சுட இனி மிருகம் மிஞ்சாது என்ற நிலை வந்தபோது, 1877-ல் தாங்களே சங்கம் வைத்து, 1879-ல் சட்டமும் போட்டார்கள். அந்தத் தோட்டங்களில் இலை பறித்தவர்களுக்குத் துப்பாக்கிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. அதே மலையில் அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை நூறு வருஷத்துக்கு மேலாக நடக்கிறது. நாட்டின் துப்பாக்கிகளுக்கெல்லாம் மருந்து இந்த மாவட்டத்திலிருந்தும் போகிறது. மருந்து செய்யலாம், இலை பறிக்கலாம், ஆனால் சட்டைப் பொத்தான் அளவு வட்டத்தைக் குறிபார்த்துச் சுடும் ஆசை மட்டும் இவர்கள் பிள்ளைகளுக்கு வரக் கூடாது. இது என்ன நியாயம்?

துப்பாக்கியை வெறுக்கிற நான் இதைப் பேசலாமா என்று இன்னொருவர் கேட்பார். அந்தப் பெண் சுடும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். கையை உயர்த்துகிறாள், இறக்குகிறாள். பத்து நொடி மூச்சு நிற்கிறது. சரியில்லை என்று பட்டால் சுடாமலே கையைத் தாழ்த்தி வைத்துவிடுகிறாள். சுடாமல் இருப்பதற்குத்தான் அங்கே பெரும்பாதிப் பயிற்சி. நமது அரசியல்வாதிகளுக்கும் டி.வி. விவாதக்காரர்களுக்கும் கட்டாயம் ஆறு மாதம் இந்தப் பயிற்சி கொடுக்கலாம். மேலும், 4.5 மி.மீ. குண்டு சுடும், இருபது ஜூலுக்கு மேல் சக்தி இல்லாத ஏர் துப்பாக்கிக்கு 2016-ம் வருஷத்து ஆயுத விதிகளின்படி உரிமமே வேண்டாம். இது உயிர் எடுக்கிற சமாசாரம் இல்லை, அட்டையில் ஓட்டை போடுகிற சமாசாரம்.

நடிகர் அஜித்குமார் 2021-ல் சென்னையிலும், 2022-ல் திருச்சியிலும் மாநிலப் போட்டிகளில் சுட்டுப் பதக்கங்கள் வாங்கினார். திருச்சி ரேஞ்சுக்கு வெளியே ரசிகர் கூட்டம் அலைமோதியது. அவரால் இந்த விளையாட்டின் பெயராவது தமிழ்நாட்டில் நாலு பேருக்குத் தெரிந்தது, சந்தோஷம். அந்தக் கூட்டத்தில் பத்தில் ஒருவர், தன் ஊரில் ஒரு பெண்ணுக்கு ஒரு டப்பா குண்டு வாங்கிக் கொடுத்திருந்தால் எத்தனை பேர் சுட்டுப் பழகியிருப்பார்கள்!

என் கோரிக்கை பெரிதல்ல. விளையாட்டின் பெயரிலேயே இருக்கிறது: 10 மீட்டர். ஒரு பள்ளிக்கூட வராந்தா, ஒரு பழைய சமுதாயக்கூடம் போதும். சுவர், குண்டு பிடிக்கும் இரும்புப் பெட்டி, காகித அட்டை, பொறுப்பான ஒரு ஆள். வருஷத்தில் பாதி நாள் மழையும் பனியுமாக இருக்கிற மலையில், கூரைக்குக் கீழே ஆடக் கூடிய விளையாட்டு இதைவிட எது? மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் நாலு நல்ல பிஸ்டல், அதில் இரண்டு மின் ட்ரிகரோடு, பூட்டி வையுங்கள். நூலகத்தில் புத்தகம் மாதிரி, வந்து எடுத்து, அங்கேயே சுட்டுவிட்டு, திருப்பி வைத்துவிட்டுப் போகட்டும். குறிப்பிட்ட புள்ளியைத் தொட்ட பிள்ளைக்கு மாதம் ஐந்து டப்பா குண்டு இலவசம். ஒரு வெண்கலத்துக்கு அறிவித்த ஒரு கோடி ரூபாய், வருஷம் 54,000 வீதம் 185 பிள்ளைகளுக்கு ஒரு வருஷக் குண்டு. நானே வகுத்துப் பார்த்தேன், நீங்களும் வகுத்துப் பாருங்கள். பரிசைக் குறைக்கச் சொல்லவில்லை. பரிசுக்கு ஒதுக்கத் தெரிந்த கைக்கு இதற்கும் ஒதுக்கத் தெரியும் என்கிறேன்.

* * *

சரி, ட்ரிகர் வாங்கினார்களா?

வாங்கவில்லை. கடன் வாங்குவதாக இருந்த நண்பர் வாங்காமல் விட்டார். கையில் இருந்ததைத் திரட்டிப் பத்து டப்பா குண்டு வாங்கினார். வீட்டில் சுவரில் ஒரு கரும்புள்ளி வரைந்து, குண்டு போடாமல் தினமும் அரைமணி நேரம் வெறும் ட்ரிகரை அழுத்திப் பழகுகிறாள். காலணா செலவில்லை. மாநிலப் போட்டியில் 541 சுட்டாள். மெடல் இல்லை. நீங்கள் சினிமா மாதிரி முடிவு எதிர்பார்த்திருந்தால் மன்னிக்கவும். ஆறு புள்ளி கூடியிருக்கிறது, அவ்வளவுதான். கெட்ட குண்டுகள் இன்னும் இடப்பக்கம் கீழேதான் போகின்றன. முன்பைவிடக் குறைவாக.

எனவே, இதைப் படிக்கும் அப்பா அம்மாக்களுக்கு என் பதில்: எந்தக் கருவியானாலும், இருப்பதைச் சரியாகத் திருகிப் பார்த்தீர்களா, உயர்ந்ததை ஒருநாளாவது கடன் வாங்கிச் சோதித்தீர்களா, இருப்பதை வைத்துத் தினமும் பழக வழி இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் ஆமாம் என்று சொல்ல முடிந்த பிறகு பர்ஸைத் திறந்தால் போதும்.

ஆனால் ஒருநாள் அவள் 560 தொடுவாள். அன்றைக்கு இந்தப் பழைய பிஸ்டல் நிஜமாகவே போதாது. ஒவ்வொரு புள்ளிக்கும் ஐம்பது பேர் நிற்கிற உயரத்தில் சீரான ட்ரிகர் ஆடம்பரமில்லை, அவசியம். அன்றைக்கும் நண்பர் டீக்கடையில் என்னிடம்தான் வந்து கேட்பாரா? அல்லது அதைக் கேட்க வேண்டிய இடம் ஒன்று இந்த மாவட்டத்தில் இருக்குமா?

கொள்ளு என்றால் வாயைத் திறக்கும் குதிரை, கடிவாளம் என்றால் மூடிக்கொள்ளும் என்பார்கள். பதக்கம் வந்த அன்று மாலையும் கையுமாக ஏர்போர்ட்டில் வாய் நிறையச் சிரிக்கிற பெருமக்களே, மாதம் ஐந்து டப்பா குண்டு என்றால் ஏன் வாய் மூடிக்கொள்கிறது?

கோத்தகிரியில் ஒரு பெண் மூச்சை நிறுத்திக் காத்திருக்கிறாள். பதில் சொல்லுங்கள்.